லேன்சருக்குள் மழை

மழை இல்லை. தூறல்கூட இல்லை. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை, தேரடியில் வெயில் சுள்ளென்று இறங்கிக்கொண்டிருக்கிறது, இவர் வண்டியை இடது பக்கம் திருப்புகிறார், முன் கண்ணாடியில் வைப்பர் ஓடுகிறது. கர்ரென்று ஒரு தடவை போனது, கர்ரென்று திரும்பி வந்தது. காய்ந்த கண்ணாடியில் காய்ந்த ரப்பர் இழுபடும் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். இவர் இடது கையால் தட்டி அதை நிறுத்தினார், திருப்பத்தை முடித்தார், கியரை மாற்றினார், எதுவுமே நடக்காத மாதிரி பூண்டி ரோட்டைப் பிடித்துவிட்டார். எனக்கு வாய்வரை வந்தது. "மழையா பேயுது?" என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் வசனம். பொங்கலுக்கு எங்கள் பிள்ளை இளவழகன், அழகு என்றுதான் கூப்பிடுவோம், புது வண்டியில் வந்து இறங்கினான். அது ஐரோப்பாக்காரன் வண்டி. இண்டிகேட்டர் குச்சி ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், வைப்பர் குச்சி வலது பக்கம். எங்கள் லேன்சர் கார் ஜப்பான்காரன் போட்ட கணக்கு, அப்படியே தலைகீழ், இண்டிகேட்டர் வலது, வைப்பர் இடது. அப்பாவை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ஒவ்வொரு திருப்பத்திலும் இவர் பழக்கத்தில் வலது கையால் தட்ட, ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆட, பின்சீட்டில் மருமகள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். "இன்னா மாமா, மழையா பேயுது?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். அதற்கப்புறம் வீட்டில் யார் எதைத் தப்பாகச் செய்தாலும் அதுதான் கேள்வி. நான் காபியில் சர்க்கரை போட மறந்தாலும் மழையா பேயுது, அழகு செருப்பை மாற்றிப் போட்டாலும் மழையா பேயுது. அப்படி நாக்கில் தயாராக இருக்கும் கேள்வி இன்றைக்கு வெளியே வரவில்லை. அது அழகு வண்டி. இது எங்கள் வண்டி. இந்த வண்டியில் இந்தக் கை ஒருநாளும் தப்பியதில்லை.

தப்பினால் என்ன. மனுஷன் கைதானே. எனக்குத் தப்புவதில்லையா, நேற்று மாவுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜுக்குப் பதில் துணி பீரோவில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தேடவில்லையா. பொங்கலுக்கு அந்த வண்டியை ஓட்டியதில் கை குழம்பியிருக்கும். ஆனால் பொங்கலுக்கு ஓட்டியதற்குப் பங்குனியிலா குழம்பும். அதோடு பொங்கலன்று கை குழம்பவே இல்லையே. அன்றைக்கு வைப்பர் ஆடியது, இந்த லேன்சரை இவர் கை அவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருந்ததால். புது வண்டியில் உட்கார்ந்தும் மறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கை. இன்றைக்கு லேன்சரிலேயே வைப்பர் ஆடினால் அது வேறு சங்கதி. இதை இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டாம், பூங்கோதை, ஜன்னல் பக்கம் பார், அந்தப் புளியமரத்தைப் பார், கரும்பு ஜூஸ் கடையைப் பார். பார்த்தேன். கரும்பு ஜூஸ் மிஷினின் சக்கரம் சுற்றுகிறது, வைப்பர் ஞாபகம்தான் வருகிறது. போன வாரம் போனில் அழகு சொன்னான். "அம்மா, நீ பக்கத்துல ஒக்காந்து நல்லாப் பாரு. ஞாயித்துக்கெழம ராத்திரி போன் பண்றேன். அப்பா எப்படி ஓட்டுறாருன்னு நேராச் சொல்லு, மழுப்பாத. சாவிய வாங்கி வெக்கணும்னா நானே வந்து வாங்கிக்கிறேன்." மாசியில் வந்தவனை இவர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டாராம், பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "எங்கடா போறோம்?" என்று கேட்டாராம். விளையாட்டுக்குக் கேட்டாரோ என்னவோ என்றேன். "இல்லம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் அவன் குரல் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது இருந்த மாதிரி இருந்தது.

சாவியை வாங்கி வைப்பது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். நான் அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். ஹாலில் அழகு நிற்கிறான், இவர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், அழகு கை நீட்டுகிறான், இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைக்கிறார். சண்டை போட மாட்டார். அதுதான் தாங்காது. "சரிடா" என்று வைத்துவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் காட்சி வேண்டாம் என்று அழித்தால் அடுத்தது வந்து நிற்கிறது. தேரடியில் பூ வாங்கிக்கொண்டு ஒருத்தி ரோட்டைக் கடக்கிறாள், இவர் கை ஏதோ ஒரு குச்சியைத் தட்டுகிறது, கால் ஏதோ ஒன்றை மிதிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு முகம்கூட இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரிந்த முகம். இரண்டு காட்சிக்கும் நடுவில் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. மருமகளுக்கு ஆபரேஷன் ஆனபோது போரூரில் அழகு வீட்டில் தங்கியிருந்தேனே, அப்போது அவன் தினம் விடிந்ததும் ஆளில்லாத லேஅவுட் ரோட்டில் அவன் வண்டியில் எனக்குக் கற்றுக்கொடுத்து, ஆர்டிஓ ஆபீசில் நிற்க வைத்து வாங்கியும் கொடுத்துவிட்டான். இவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "எங்க வீட்டம்மா லைசென்ஸ் ஓல்டர்" என்று கறிக்கடை பாயிடம்கூடச் சொல்லிவிட்டார். ஆனால் லேன்சர் சாவியை இந்தா, ஓட்டு என்று கொடுத்ததும் இல்லை, நான் கொடுங்கள் என்று கேட்டதும் இல்லை. முன்னால் கூச்சத்தில் கேட்கவில்லை. இப்போது கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று தெரிந்துவிடும். நான் ஓட்டட்டுமா என்று இன்றைக்குக் கேட்பதும், உங்களுக்கு மறதி வந்துவிட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் ஒன்றுதான்.

மறதியாம். இந்த வண்டியைப் பற்றி இவரிடம் கேட்டால் இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்வார். ஜப்பானில் பிறந்த பேர், ஆப்பிரிக்காவில் புழுதிக்காட்டில் ரேஸ் ஓடி ஜெயித்த பேர், அது சுற்றி வளைத்துத் தொண்ணூற்றெட்டில் எங்கள் திருவள்ளூருக்கு வந்து சேர்ந்தது. அம்பாசடரையும் மாருதியையும் பார்த்த கண்ணுக்கு அது தாழ்வாக, வழவழவென்று, வேறு ஜாதி வண்டியாக இருந்தது. இங்கே ஃபேக்டரியில் லேன்சர் லைன் ஆரம்பித்த வருஷமே இவர் வேலைக்குச் சேர்ந்தார். இஞ்சின் பூட்டும் வேலை இல்லை, பெயிண்ட் அடிக்கும் வேலை இல்லை. ஷவர் டெஸ்ட். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து என்ன வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டால் குளிக்கிற வேலை என்கிறாரே என்று என் அக்கா கேலி செய்தாள். எல்லாம் பூட்டி முடித்த வண்டியை ஒரு கூண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்களாம், நாலு பக்கமும் குழாய், மேலே குழாய், அடை மழை மாதிரி தண்ணீர் அடிக்கும். கதவு, கண்ணாடி எல்லாம் மூடிக்கொண்டு இவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். உள்ளங்கையைக் கூரை ஓரத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டே போவார், கண்ணாடி மூலை, கதவு ரப்பர், காலடி மேட் எல்லாம் தடவி விரலைப் பார்ப்பார். ஒரு சொட்டு ஈரம் பட்டால் வண்டி திரும்பிப் போகும். படாவிட்டால் இறங்கி வந்து சாவியை அடுத்த ஆளின் உள்ளங்கையில் வைத்து, "காஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். சீட்டில் போட்டுவிட்டு வரக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது. அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது, கையில் சாவி வந்தால்தான் டெஸ்ட் முடிந்தது என்று அர்த்தம். கம்பெனி சொன்ன சட்டம் இல்லை அது, அந்த செக்‌ஷன் ஆட்கள் அவர்களாக வைத்துக்கொண்ட பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். பீரோ சாவியானாலும் வாசல் பூட்டுச் சாவியானாலும் என் கையைப் பிடித்து விரித்து அதில்தான் வைப்பார். அந்தப் பழக்கம் புதுசில் எனக்கு வெட்கமாக இருக்கும், மாமியார் எதிரில் கையைப் பிடிக்கிறாரே என்று.

எனக்கு அந்த ஃபேக்டரியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சட்டை வழியாகத்தான். நனைந்த கதவைத் திறந்து இறங்கும்போது மேலிருந்து வழியும் தண்ணீர் நேராக வலது தோளில் விழும். தினமும் வலது தோள் மட்டும் ஈரமாக வருவார். துவைக்கும்போது அந்த இடம் மட்டும் சீக்கிரம் நைந்துபோகும். லைன் மும்முரமாக ஓடிய வருஷங்களில் தோளிலிருந்து முழங்கை வரை சொதசொதவென்று வரும், டீசல் வண்டிக்கு ஊரெல்லாம் கிராக்கியான காலம் அது, டாக்டரும் சினிமாக்காரரும் காத்திருந்து வாங்கினார்கள். அப்புறம் மற்ற நாட்டில் எல்லாம் புது உருவம் வந்துவிட்டது, இங்கே அதே பழைய உருவம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு கம்பெனிகள் புதுப் புது வண்டியை இறக்கின. தோள் ஈரம் குறைந்தது. சில நாள் ஒரு கை அகலத்துக்கு மட்டும் இருக்கும். பிறகு ஒருநாள் சாயந்திரம் வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், தோள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. இவர் குளித்துவிட்டு வந்து, "இனிமே அது வராது, கோதை" என்றார். எது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சட்டையை நான் அன்றைக்குத் துவைக்காமல் மடித்து வைத்துவிட்டேன், ஏன் என்று எனக்கே தெரியாது, துவைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"அழகு எப்ப வர்றான்?"

"அடுத்த மாசம் வர்றேன்னான்."

"அதான் வெளிய கெளம்பும்போதே நீ சொன்னியே. நான் ஒருத்தன்." சிரித்துக்கொண்டார். கேட்டதை ஞாபகம் வைத்திருக்கிறாரே. அப்போ ஒன்றும் இல்லை. அப்போ ஏன் கேட்டார். பேச்சுக்குக் கேட்டிருப்பார், இருபது நிமிஷம் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு போனால் யாராவது ஏதாவது கேட்கத்தானே வேண்டும். நன்றாகத்தான் ஓட்டுகிறார். எதிரே கரும்பு டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது, என் கால் தன்னால் காலடி மேட்டை மிதித்தது, இவர் அலட்டாமல் ஓரம் கட்டி, கரும்புத் தோகை ஒன்று கண்ணாடியை உரசிக்கொண்டு போகும்வரை பொறுத்து, மெதுவாக எடுத்தார். ஆட்டு மந்தை வந்தது, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். ஹாரன் அடித்தால் ஆடு பயந்து வண்டிக்கடியில்தான் வரும் என்பார். சரியாகத்தானே யோசிக்கிறார். இப்படி ஓட்டுகிறவரைப் போய் என்னவென்று சொல்வது. ஓரக்கண்ணால் பார்த்தேன். காதோரத்தில் முடி முழுக்க நரைத்துவிட்டது, நான் சொல்லியும் காது மடலில் முளைக்கும் முடியை வெட்டமாட்டேன் என்கிறார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கிற அழகு ஒன்று உண்டு இவரிடம், குழந்தையைக் குளிப்பாட்டப் பிடிக்கிற மாதிரி, அழுத்தவும் மாட்டார் விடவும் மாட்டார். இந்தக் கிழவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை, இனிமேல் சொன்னால் பயந்துவிடுவார்.

இந்த வண்டி வந்த கதையே ஒரு கூத்து. ஊரில் குழந்தை டாக்டர் ஒருத்தர் வைத்திருந்த லேன்சர். அவர் பெரிய வண்டிக்கு மாறும்போது இவர் போய் நின்றார். "இது என் கையில போன வண்டி, டாக்டர்" என்றாராம். ரோட்டில் எந்த லேன்சரைப் பார்த்தாலும் இவர் அப்படித்தான் சொல்வார். திருப்பதி மலையில் ஒன்றைப் பார்த்துச் சொன்னார், கன்னியாகுமரியில் ஒன்றைப் பார்த்துச் சொன்னார், அத்தனை வண்டியும் இவர் ஒருத்தர் கையிலா போயிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோரும் ஒரு ரவுண்டு போகலாம் என்று நிற்கிறோம். இவர் என்னை மட்டும் உள்ளே உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, பக்கத்து வீட்டு இருசப்பனைக் கூப்பிட்டு, தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கையில் கொடுத்து, "மேல அடி" என்றார். புதுப் பட்டுப்புடவையில் நான் உள்ளே, இவர் பக்கத்தில், கூரையில் தடதடவென்று தண்ணீர். தெருவே கைகொட்டிச் சிரிக்கிறது. கண்ணாடி முழுக்க தண்ணீர் வழிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இவர் என் கையைப் பிடித்துக் கூரை ஓரத்தில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை வருஷம் இவர் ஃபேக்டரியில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அவ்வளவு அமைதியான இடம்.

பூண்டி ஏரிக் கரையில் எப்போதும் நிறுத்துகிற வேப்பமர நிழலில் நிறுத்தினார். வாரத்துக்கு ஒருதரம் பேட்டரி இறங்காமல் இருக்க இவ்வளவு தூரம் வருவது, தண்ணீரைப் பார்ப்பது, பொரித்த மீன் வாங்கித் தின்பது, திரும்புவது. தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது. மீன்காரி மிளகாய்த்தூளை அள்ளித் தடவியிருந்தாள், இவர் ஊதி ஊதித் தின்றார், எனக்கு முள் எடுத்துக் கொடுத்தார். இப்போது கேட்டுவிடலாம். திரும்பும்போது நான் ஓட்டட்டுமா, சும்மா ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருக்கிறது என்று சொன்னால் சந்தேகம் வராது. ஆனால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், எனக்குப் பொய் வராது, மாமியாரே சொல்லியிருக்கிறார்கள். கை கழுவிவிட்டுக் கேட்கலாம். கை கழுவினேன். கார் கதவைத் திறக்கும்போது கேட்கலாம். திறந்தேன். இவர் ஏறி, கதவைச் சாத்தி, சாத்தின சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார், எப்போதும் கேட்பார். "கேட்டியா, டப்புன்னு ஒக்காருது பாரு. இன்னும் ரப்பர் சாகல." கேட்டேன். நன்றாகத்தான் உட்கார்ந்தது. "போலாமா?" என்றார். போகலாம் என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் சொன்னது. கோழை, கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு பெல்ட்டை மாட்டினேன்.

வெயில் ஏறிவிட்டது. கண்ணாடி வழியாக மடியில் விழுகிறது, மீன் வாசனை விரலில் நிற்கிறது, எனக்குக் கண் சொக்குகிறது, சொக்கக்கூடாது, அழகு பார்க்கச் சொல்லியிருக்கிறான். நான் பார்க்கிற பார்வையில் என்ன இருக்கிறது, பரீட்சை ஹாலில் நிற்கிற வாத்தியார் மாதிரி. தன் புருஷனைத் தானே வேவு பார்க்கிறவள். கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் ரோடு வளைகிற இடம். கர்ரென்றது. மறுபடி கர்ரென்றது. நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. கர்ரென்று போகிறது, கர்ரென்று வருகிறது. வண்டி வேகம் குறைந்து, குறைந்து, நடு ரோட்டில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்த்தேன். பயமோ குழப்பமோ ஒன்றும் இல்லை. ரொம்பக் கவனமாக, ரொம்ப நிம்மதியாக இருக்கிற முகம். இடது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தார். உள்ளங்கையை முன் கண்ணாடிக்கு மேலே கூரை ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். வலது கையையும் எடுத்தார், கதவு ரப்பர் மேல் வைத்தார். ஸ்டீயரிங்கில் யார் கையும் இல்லை. விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார், கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பின்னால் லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்தது.

என் வலது கை எப்போது போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தது என்று தெரியாது. கத்தத்தான் வந்தது. என்ன பண்றீங்க, ரோட்டப் பாருங்க, என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. கத்தினால் திடுக்கிட்டு எதையாவது மிதிப்பார். அதோடு கத்தினால் இவருக்குக் கேட்காது, இவர் இருக்கிற இடத்தில் ஒன்றும் காதில் விழாது, எனக்குத் தெரியும், நானும் பட்டுப்புடவையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இடது கையை இவர் முகத்துக்கு முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தேன். பார்த்தார். கையைத்தான் பார்த்தார், என்னை இல்லை.

"இரு. மூல இன்னும் பாக்கல."

"பாருங்க, அவசரம் இல்ல. ஓரமா வுட்டுட்டுப் பாருங்க. பின்னாடி அடுத்த வண்டி நிக்குது."

கண்ணாடியில் பின்னால் பார்த்தார். லாரி முகத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. "ஆமா, லைன் நிக்குதே" என்று பதறினார். இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்கு வந்தன. இடது பக்கம் அலுங்காமல் ஒடித்து, மண் ரோட்டில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்தார். வைப்பர் பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுபோனது. லாரிக்காரன் எதையோ திட்டிக்கொண்டே கடந்து போனான், என் அம்மாவையோ இவர் அம்மாவையோ, போகட்டும், புண்ணியவான் பிரேக் பிடித்தானே. இவர் நிதானமாக மூலை பார்த்தார். இடது மூலை, வலது மூலை, காலடி மேட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு சாவியை உருவி, நீட்டியபடியே இருந்த என் கையில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"காஞ்சிருக்கு" என்றார்.

கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார், அடுத்த வேலைக்குக் காத்திருப்பவர் மாதிரி. நானும் இறங்கினேன். இவர் வலது தோள் நனைந்திருந்தது. வியர்வைதான். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் கை வைத்தேன், வைக்க வேண்டும் போல இருந்தது, வைத்தேன். இவர் என் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறினேன். சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன், இவ்வளவு வருஷம் இந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பானட்டை நான் பார்த்ததே இல்லை, எவ்வளவு நீளம். சாவியைத் திருப்பியதும் பாதியில் நின்ற வைப்பர் மிச்சப் பாதியை முடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தது, நிறுத்தினேன். ராத்திரி அழகு போன் பண்ணுவான். நீ வர வேண்டாம், சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்வேன். டாக்டரிடம் போவோம், அது வேறு, அதற்கு நீ வா. எப்படிம்மா வாங்கின என்று கேட்பான். வாங்கவில்லை, கொடுத்தார் என்று சொல்வேன். கிளட்சை மிதித்தேன், கியர் போட்டேன், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"க்ளட்ச் கொஞ்சம் மேல புடிக்கும், கோதை" என்றார் பக்கத்திலிருந்து. "மெல்ல வுடு."

கோதை என்றார். வந்துவிட்டார். எப்போது வந்தார், எவ்வளவு நேரத்துக்கு வந்திருக்கிறார், எங்கே போயிருந்தோம் என்று தெரியுமா, டிரைவர் சீட்டில் நான் ஏன் இருக்கிறேன் என்று கேட்பாரா. கேட்கவில்லை. மெல்ல விட்டேன், வண்டி நகர்ந்தது. கால்வாய்ப் பாலம் தாண்டினோம். கரும்பு டிராக்டர் காலியாகத் திரும்பி வந்தது, ஓரம் கட்டினேன். "சபாஷ்" என்றார். புளியமரம், கரும்பு ஜூஸ் கடை. எனக்கு அழுகை வருகிற மாதிரியும் பசிக்கிற மாதிரியும் ஒரே நேரத்தில் இருந்தது. கை மட்டும் சில்லென்று ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, இவர் பிடிக்கிற மாதிரி எனக்குப் பிடிக்க வரவில்லை, நான் அழுத்துகிறேன். தேரடி வந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே ஆட்டோ, பூக்காரி, சைக்கிள், எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது, அழகு சொல்லிக்கொடுத்த மாதிரி இடது கையால் குச்சியைத் தட்டினேன், திருப்பினேன்.

கர்ரென்று போனது. கர்ரென்று வந்தது.

பக்கத்து சீட்டில் இவர் குலுங்குவது தெரிந்தது. சத்தமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு.

"இன்னா, மழையா பேயுது?"

வேடிக்கைக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா, எந்த மழையைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ரோட்டைத்தான் பார்த்தேன், ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்.

"ஆமாங்க, நல்ல மழ" என்றேன். "உள்ள ஒழுகுதான்னு பாருங்க."

கூரை ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். மூலையைத் தொட்டார். விரலை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் காட்டினார்.

"ஒரு சொட்டு இல்ல" என்றார்.